ரைட் என்றால் வலது இல்லை

என் பெயர் கோதண்டம், ஊர் மேனாம்பேடு. முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டிவிட்டு, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று என் மனைவி வடிவு ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். நான் அதை மறுக்கப்போவதில்லை. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே இருக்கிற அந்த ரோட்டில் முப்பது வருடம் வண்டி ஓட்டிவிட்டு ஒருத்தன் சாந்தமாக இருந்தால், அவனைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அந்த முப்பத்தொன்றில் கடைசிப் பத்தொன்பது வருடம் எனக்குக் கண்டக்டர் பச்சையப்பன். கோவில்பதாகையில் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகப் போன பிறகு அவன் தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். எங்களுக்குள் சொந்தம் கிந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவன் மனைவி சுலோசனா என்னை அண்ணா என்பாள், அவன் மகள் கிருஷ்ணப்பிரியா மாமா என்பாள். ஆகையால் நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் மச்சான் ஆகிவிட்டோம்.

பஸ் ஓட்டுகிறவனுக்குக் கண்டக்டரின் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். பச்சையப்பன் கழுத்தில் விசில் தொங்கும், ஊத மாட்டான். பின்னாலிருந்து 'போலாம் ரைட்' என்று குரல் வரும், நான் வண்டியை எடுப்பேன். குரல் வரவில்லையா, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தே செத்தாலும் எடுக்க மாட்டேன். அந்த 'ரைட்'டிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். இழுத்துச் சொன்னால் யாரோ கைக்குழந்தையோடு ஏறி இன்னும் உட்காரவில்லை, மெதுவாக எடு என்று அர்த்தம். வெட்டிச் சொன்னால் படியில் தொங்குகிற பயல்களோடு சண்டை நடக்கிறது என்று அர்த்தம். வாய் ஓயாமல் பேசுவான். பருத்திப்பட்டில் ஆரம்பித்த கதையைப் பாரிவாக்கம் தாண்டியும் முடிக்க மாட்டான். நிறுத்துடா என்று நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்த வாயைத்தான் ஆண்டவன் பிடுங்கிக்கொண்டான்.

போன பங்குனியில் ஒருநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் குழாயடியிலேயே சரிந்துவிட்டான். பக்கவாதம். சோற்றுக் கையும் அந்தப் பக்கத்துக் காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது அவனிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். அது 'ரைட்'. காபி வேண்டுமா என்றால் ரைட். கால் வலிக்கிறதா என்றால் ரைட். பெற்ற மகளைக் கூப்பிடுவதற்கும் ரைட். நாம் சொல்வதெல்லாம் அவனுக்கு நன்றாகப் புரிந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. பதில்தான் வெளியே வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஜெபா என்று ஒரு பெண் வாரம் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். அவள் எங்களை உட்காரவைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். சொற்கள் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன, வெளியே வருகிற வழிதான் அடைத்துக் கிடக்கிறது. முதல் ஆறு மாதம்தான் முக்கியம். அதற்குள் அவர் வாயைத் திறந்துகொண்டே இருக்க வேண்டும், அந்த ஒரு சொல்லையாவது விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மௌனமாக உட்கார்ந்துவிட்டால் பிறகு மீட்பது ரொம்பக் கஷ்டம்.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் தினமும் போனேன். அப்புறம் வாரம் ஒரு தடவை என்று ஆயிற்று, அப்புறம் ஆடிக்கு ஒரு தடவை அமாவாசைக்கு ஒரு தடவை என்று ஆகிவிட்டது. முட்டிவலி, ஸ்கூட்டர் ரிப்பேர் என்று வடிவிடம் ஏதேதோ சாக்குச் சொன்னேன். உண்மை என்னவென்றால், அவன் வாய் கோணிக்கொண்டு திணறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் ஆவடி செக்போஸ்ட் வரைக்கும் அழுதுகொண்டுதான் வந்தேன்.

ஆடி மாதக் கடைசியில் சுலோசனா போன் செய்தாள்.

"அண்ணா, அவுரு அந்த ஒரு வார்த்தயயும் நிறுத்திட்டாருணா. ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. வாயே தொறக்க மாட்றாரு."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பச்சையப்பன் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்ன நடந்தது என்று கேட்டதற்கு சுலோசனா மகளைக் காட்டினாள். மகள் கிருஷ்ணப்பிரியா தரையில் கிடந்த ஒரு வண்டியைக் காட்டினாள்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணப்பிரியாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை. அது சம்பளத்துக்கு. அது போக இன்னொரு வேலையும் பார்க்கிறாள், அதற்குச் சம்பளமே கிடையாது. நிலாவிலும் செவ்வாயிலும் ஓடுகிற வண்டிகளை, வானத்தில் சுற்றுகிற கலங்களை, இங்கிருந்தபடி இயக்குவதற்கு ஒரு மென்பொருள். உலகம் பூராவும் நானூறு ஐந்நூறு பேர் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தியும் கொடுக்கலாம். கோடைக்கு வைக்கிற தண்ணீர்ப் பந்தல் மாதிரி என்று எனக்குப் புரிந்தது. காலேஜ் பிள்ளைகள் விடுகிற சின்ன செயற்கைக்கோள் முதல் பெரிய ஆராய்ச்சிக்கூடத்து வண்டி வரைக்கும் அந்தப் பந்தலில்தான் தண்ணீர் குடிக்கின்றனவாம்.

அதில் இவள் பங்கு, குரலில் கட்டளை கொடுக்கிற பகுதி. நிலாவில் இறங்குகிற ஆள் தடித்த கையுறை போட்டிருப்பான், பட்டனைத் தட்ட முடியாது, வாயால்தான் வண்டிக்குச் சொல்ல வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு வண்டி செய்து வைத்திருந்தாள். ஆறு சக்கரம், குக்கர் பெட்டி உயரம், மேலே ஒரு குச்சியில் கேமரா.

ஆனி மாதத்தில் ஒருநாள், அந்த வண்டி வாசல் சரிவுக்கு நேராக நின்றிருக்கிறது. பச்சையப்பன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். நின்ற வண்டியைப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்காது. அன்றைக்கு அவனாக, யாரும் கேட்காமலே, வாய் நிறைய 'ரைட்' என்றிருக்கிறான். வண்டி அவன் சொன்னதைக் கேட்டது. கேட்டு, வலது பக்கம் திரும்பி, சரிவை விட்டு இறங்கி, தெருக் கால்வாயில் தலைகுப்புற விழுந்துவிட்டது. கேமராக் குச்சி முறிந்தது. யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஐயோ என்று மகள் ஓடியதை அவன் பார்த்தான். அன்றோடு வாயை மூடிவிட்டான்.

"அது சரியாத்தான் திரும்புச்சு மாமா. அப்பா ரைட்னு சொன்னாரு, அது ரைட்ல போச்சு" என்றாள் கிருஷ்ணப்பிரியா. சொல்லும்போதே அழுகை முட்டியது.

எனக்கு வந்ததே கோபம்.

"உங்கப்பன் பத்தொம்போது வருஷம் எனக்கு ரைட்டு சொன்னான் பாப்பா. ஒவ்வொரு வாட்டியும் நான் சோத்தாங்கை பக்கம் திருப்பிகினு இருந்தா, வண்டி இன்னிவரிக்கும் ஆவடி டெப்போவயே சுத்திகினு இருக்கும். வண்டிய எடுன்னு சொன்னான் அவன். அத்த பள்ளத்துல தள்ளுனது உன் மிசினு."

அவள் ஆறாம் வகுப்பிலிருந்து காலேஜ் முடிகிற வரைக்கும் எங்கள் பஸ்ஸிலேயே போய்வந்தவள், அப்பன் ரைட் சொல்லச் சொல்ல ஊர் சேர்ந்தவள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ரைட் என்றால் வலது என்று எழுதிவிட்டாள். பத்து வருடம் காதால் கேட்டது விரலுக்கு எட்டவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். நான் பச்சையப்பனைப் பார்த்தேன். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், ஆனால் திரும்பவில்லை.

அன்றைக்கே அவள் தன்னிடம் இருந்த பிரதியில் மாற்றிவிட்டாள். ரைட் என்றால் இனிமேல் 'புறப்படு'. வலது பக்கத்துக்கு வலது என்றே சொல்ல வேண்டும். பிறகு அந்த மாற்றத்தைப் பொதுவில் அனுப்பிவைத்தாள். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் எழுதினாலும் இன்னொருத்தர் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அது உள்ளே சேராது. இதைப் படித்துப் பார்த்தது நெதர்லாந்தில் இருக்கிற ஓர் அம்மாள். அந்த அம்மாள் முடியாது என்று எழுதிவிட்டாள். ஒரு சொல்லுக்கு ஓர் ஊரில் ஓர் அர்த்தம், இன்னோர் ஊரில் இன்னோர் அர்த்தம் என்றால், நிலாவில் ஒரு வண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிடுவோம், அங்கே தூக்கிவிட ஆள் கிடையாது என்றாள். எனக்குக் கோபம் வந்தாலும் அவள் சொன்னது நியாயம்தான்.

கிருஷ்ணப்பிரியா விடவில்லை. தன் அப்பாவைப் பற்றி, அந்த ஒரு சொல்லைப் பற்றி, கால்வாயில் விழுந்ததைப் பற்றி எல்லாம் எழுதினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவள் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். எல்லோருக்கும் பொதுவாக மாற்ற முடியாது, ஆனால் சேர்ந்து வேலை செய்கிற ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக ஒரு சொல் பட்டியல் வைக்கலாம், குழு தன் சொல்லைத் தானே வைத்துக்கொள்ளட்டும் என்று அந்த அம்மாள் ஒத்துக்கொண்டிருந்தாள். அதோடு ஒன்று கேட்டிருந்தாள். எங்களிடம் இருக்கிற குரல் பதிவெல்லாம் தெளிவாகப் பேசுகிறவர்களுடையது. களைத்துப்போன ஆள், மூச்சு வாங்குகிற ஆள், நாக்குக் குழறுகிற ஆள் சொல்வதும் வண்டிக்குப் புரிய வேண்டும். உங்கள் அப்பாவுக்குச் சம்மதம் என்றால் அந்தச் சொல்லை இருநூறு தடவை பதிந்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள்.

நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். நாலு மாதமாக அவனைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஐயோ பாவம் என்றுதான் சொன்னார்கள். அந்தக் குழறுகிற நாக்கு எங்களுக்கு வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அந்த முகம் தெரியாத அம்மாள்தான். ஆனால் என்ன பிரயோஜனம்? இருநூறு தடவை வேண்டும், இவனோ ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டேன் என்கிறான். ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு மாதம்கூட முழுசாக மிச்சமில்லை.

கேட்டுப் பார்த்தோம். சுலோசனா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மகள் காலடியில் உட்கார்ந்து, எனக்காக ஒரு தடவை சொல்லுங்கப்பா என்றாள். ஜெபா வந்து கண்ணாடியைக் காட்டி, உதட்டைப் பாருங்க சார் என்று சொல்லிக் கொடுத்தாள். கண்ணாடியைக் காட்டியதும் அவன் நாற்காலியையே சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை பேரும் உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, கல்லுப் பிள்ளையாராடா நீ என்று கத்தினேன். கத்திவிட்டு ஸ்கூட்டரை உதைத்தேன்.

ஆவடி வந்து சிக்னலில் நிற்கும்போதுதான், நான் கத்தியது எனக்கே மறுபடி காதில் விழுந்தது. இத்தனை பேரும் உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அதுதானே கோளாறு. பத்தொன்பது வருடத்தில் அவன் சொன்ன எந்த ரைட்டையும் நான் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. என் முதுகுக்குத்தான் அவன் பேசினான். கோணிப்போன வாயை எல்லோரும் உற்றுப் பார்த்தால் எந்த மனுஷன் திறப்பான்? பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியைத் திருப்பினேன்.

கிருஷ்ணப்பிரியாவிடம் கேட்டேன், இந்த வண்டியை ஒருத்தர் ஓட்டி, இன்னொருத்தர் ரைட் கொடுத்தால்தான் நகரும்படி செய்ய முடியுமா என்று. அவள் சிரித்துவிட்டாள். அது ஏற்கெனவே அதில் இருக்கிறதாம். ஆபத்தான கட்டளை எதுவாக இருந்தாலும் ஒருத்தர் தயார் செய்ய, இரண்டாவது ஆள் சம்மதம் சொன்ன பிறகுதான் வண்டிக்குப் போகுமாம். அந்த விதியை எழுதினவன் என்றைக்கோ எங்கள் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே வேலையை ஆரம்பித்தோம். பக்கத்து மனையில் யாரோ வீடு கட்ட மணலும் ஜல்லியும் கொட்டி, அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டி, பாதியில் விட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் வேப்பமர நிழலில் பச்சையப்பனை நாற்காலியோடு கொண்டுபோய் உட்காரவைத்தோம். சட்டைக் காலரில் சின்ன மைக் மாட்டினாள் மகள். அவனுக்கு முன்னால் இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி, நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மடியில் லேப்டாப், கையில் வண்டியைத் திருப்புகிற குச்சி. எனக்கு முன்னால் மணலில் அந்த ஆறு சக்கர வண்டி. தாயையும் மகளையும் வீட்டுக்குள் போகச் சொன்னேன். ஜன்னல் வழியாகக்கூட எட்டிப் பார்க்கக் கூடாது என்றேன்.

குச்சியை முன்னால் தள்ளினேன். சம்மதத்துக்குக் காத்திருக்கிறேன் என்று திரையில் எழுத்து வந்தது. நானும் காத்திருந்தேன்.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. நான் திரும்பவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று வடிவைக் கேட்டால் சொல்வாள். சுலோசனா உள்ளேயிருந்து, இட்லி ஆறிப்போகுதுண்ணா என்று குரல் கொடுத்தாள். இன்னும் ரைட்டு வரலம்மா, வண்டிய எப்டி எடுக்கறது என்று மட்டும் சொன்னேன். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அவன் மூச்சு எனக்குக் கேட்டது. வெயில் நகர்ந்து என் கழுத்தில் விழுந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது, இது நடக்காது, இவன் இப்படியே போய்விடுவான் என்று. முட்டி மரத்துப்போயிற்று, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பத்தேகால் மணிக்கு, என் முதுகுக்குப் பின்னால், தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ர்…ரை…ட்டு."

வண்டி நகர்ந்தது. வலது பக்கம் இல்லை, நேராக. நான்கு முழம் போய் நின்று அடுத்த சம்மதத்துக்குக் காத்திருந்தது. என் கண்ணில் தண்ணீர் முட்டித் திரையே தெரியவில்லை. இருந்தும் திரும்பவில்லை. குச்சியை மறுபடி தள்ளினேன்.

"ரைட்டு."

அன்றைக்கு மட்டும் முப்பத்தாறு தடவை சொன்னான். பத்துத் தடவைக்குப் பிறகு அவன் ரைட்டில் பழைய இழுப்பும் வெட்டும் வர ஆரம்பித்தன. ஜல்லிமேட்டில் ஏறும்போது இழுத்தான், நானும் மெதுவாகவே ஏற்றினேன். கடைசியில் கடக்கால் ஓரமாக ஓட்டிக்கொண்டு போனேன். மணல் சரிந்ததை நான் கவனிக்கவில்லை, அவன் கவனித்தான்.

"ஓல்டான்!"

வண்டி நிற்கவில்லை, அந்தச் சொல் அதற்குத் தெரியாது. நான் நின்றேன். குச்சியை விட்ட கை அப்படியே நின்றது. நிறுத்தச் சொல்லிக் கத்துகிற அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்து நாலரை மாதம் ஆகிறது. வண்டி பாட்டுக்குக் கடக்காலில் விழுந்து மல்லாந்தது. வீட்டுக்குள்ளிருந்து இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். இந்தத் தடவை கிருஷ்ணப்பிரியா வண்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அப்பனிடம் ஓடிப்போய் அவன் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் இடது கையால் அவள் தலையைத் தடவினான்.

மறுநாள் ஜெபாவிடம் சொன்னோம். சந்தோஷப்பட்டாள், ஆனால் எங்களைத் தரைக்கும் இறக்கிவிட்டாள்.

"ரைட், ஓல்டான் ரெண்டுமே பழக்கத்துல வர்ற வார்த்தை அங்கிள். லட்சம் தடவை சொன்னது, தானா வந்திடும். அவர் மனசுல ஒண்ணு நினைச்சு, அதுக்குரிய வார்த்தைய அவரே தேடி எடுக்கணும். அதுதான் பேச்சு. அது வர்றப்ப நீங்க யாரும் எடுத்துக் கொடுக்காதீங்க."

சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் போனேன். காலை எட்டு மணி, வேப்பமரம், அவனுக்கு முன்னால் என் முதுகு. எட்டாவது நாள் இருநூறு ஆயிற்று. பதிவை அனுப்புவதற்கு முன்னால் ஒரு சம்மதப் பத்திரம். இந்தக் குரலை உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று மகள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். புரிகிறதாப்பா என்று இரண்டு தடவை கேட்டாள். டிக்கெட் இல்லாமல் ஒரு பயலை ஏற்றியிருப்பாயா நீ, இப்போது ஊருக்கெல்லாம் ஓசியா என்று நான் சீண்டினேன். பீச்சாங்கையால் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

ஆவணி மாதக் கடைசி வாரம் பதில் வந்தது. மாற்றம் உள்ளே சேர்ந்துவிட்டது. அந்த அம்மாள் ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தாள். அவர்கள் ஊர்க் கடற்கரை மணல், மேகமூட்டம், அதில் எங்கள் வண்டியைவிடப் பெரிதாக ஒரு வண்டி. யாரோ பட்டனை அமுக்க, ஸ்பீக்கரிலிருந்து பச்சையப்பனின் குரல், "ரைட்டு." வண்டி நேராகப் புறப்பட்டுப் போனது. சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். மென்பொருளுக்கு உதவியவர்கள் பட்டியலில் 'பச்சையப்பன், கண்டக்டர், ஆவடி' என்று மகள் தமிழிலேயே எழுதியிருந்தாள். அவன் கையைக் காட்டி மூன்று தடவை போடவைத்துப் பார்த்தான். ஆனால் ஒரு ரைட்டுகூடச் சொல்லவில்லை.

சுலோசனா பாயசம் வைத்தாள். நானும் சிரித்துக்கொண்டே குடித்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்கு நடுக்கம்தான். வேலை முடிந்துவிட்டது. நாளைக்கு அவனை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போக ஒரு காரணம் இல்லை. இருநூறு ரைட்டையும் உலகத்துக்குக் கொடுத்துவிட்டு இவன் மறுபடி வாயைப் பூட்டிக்கொண்டால் நான் என்ன செய்வேன்? ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. இதை யாரிடமும் சொல்லாமல் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சரி மச்சான், நான் வர்ட்டா" என்று எழுந்தேன்.

இடது கையால் என் சட்டையைப் பிடித்தான். பிடித்து இழுத்துத் தன் முகத்துக்கு நேராக என்னைக் குனியவைத்தான். எங்கும் திரும்பவில்லை, என் கண்ணைப் பார்த்தபடி வாயைத் திறந்தான். உதடு ஒரு பக்கம் இழுத்தது, நெற்றி நரம்பு புடைத்தது, ஒன்றும் வரவில்லை. சுலோசனா வாசலுக்கு வந்து, இன்னாங்க, தண்ணி வோணுமா என்று ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எனக்கு அடுத்தவன் பேச்சை முடித்து வைக்கிற கெட்ட பழக்கம் உண்டு. அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் குக்கர் இரண்டு விசில் விட்டது. அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் தளும்பியது, ஆனால் என் சட்டையை விடவில்லை.

"நா…" என்றான். "நாளி…"

பிடித்த சட்டையை இன்னும் இறுக்கினான்.

"நாளிக்கி," என்றான். அப்புறம் இன்னொரு தடவை உள்ளே போய்த் துழாவி அதையும் எடுத்துவிட்டான். "வா."

பத்தொன்பது வருடம் எனக்குப் போ என்றே சொல்லிக்கொண்டிருந்தவன், வா என்றான். வரேன்டா, வராம எங்கடா போவேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். எனக்குத்தான் அப்போது பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். மறுநாள் ஆறரை மணிக்கே போய் நின்றபோது சுலோசனா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அதற்கும் முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.